தரகர் முதலில் பார்க்க வேண்டும், பிறகுதான் காட்ட வேண்டும்: சொத்தை ஆய்ந்து, வாங்குபவரிடம் சொல்வதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அந்த வீட்டின் கூடத்துச் சுவரில் தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை பெயின்ட் புதிதாக இருந்தது. மேல்பாதி பழைய சந்தன நிறம். கீழ்ப்பாதியும் சந்தன நிறம்தான், ஆனால் பளபளப்பில் ஒரு மாற்றுக் கூடுதல். ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து விழும்போது மட்டும் இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு தெரிந்தது. தாம்பரத்துக்கு மேற்கே, 2017ஆம் ஆண்டு கோடையில், அந்த வீட்டை ஒரு குடும்பத்துக்குக் காட்டினேன். 2015 டிசம்பரில் அந்தப் பக்கம் வெள்ளம் எப்படி வந்தது என்பது எனக்குத் தெரியும். கோட்டையும் பார்த்தேன். விற்பவரிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கிரயம் முடிந்தது, கமிஷன் கைக்கு வந்தது, அடுத்த ஐப்பசியில் வாங்கியவர் தொலைபேசியில் அழைத்தார். கத்தவில்லை. "நீங்கள் பார்க்கவில்லையா சார்?" என்று மட்டும் கேட்டார்.

பார்க்கவில்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஊரில் பாதித் தரகர்கள் அப்படித்தான் தப்பிக்கிறார்கள். "நான் பார்ட்டியைச் சேர்த்துவைத்தேன், மற்றது அவரவர் பாடு" என்பது இந்தத் தொழிலின் பழைய பல்லவி. எனக்கு அது அன்றோடு கசந்துவிட்டது. பத்து லட்சம், ஐம்பது லட்சம் என்று வாழ்நாள் சேமிப்பைக் கொட்டுகிறவர் நமக்கு ஒன்று, இரண்டு சதவீதம் தருவது கதவின் பூட்டைத் திறந்துவிட்டதற்காக இல்லை. அவருக்குப் பழகாத விஷயம் நமக்குப் பழகியிருக்கிறது என்பதற்காக. கண்ணில் பட்டதைச் சொல்லாமல் விடுவது ஒரு தவறு என்றால், கண்ணில் படக்கூடாது என்றே பார்க்காமல் விடுவது அதைவிடப் பெரிய தவறு.

கீழே நான் எழுதுவது தமிழ்நாட்டில் வீடு, மனை, அடுக்குமாடிக் குடியிருப்பு விற்றுக்கொடுக்கும் தரகர்களுக்கு. வாங்குபவர்கள் படித்தாலும் நல்லதுதான். தரகரிடம் என்ன கேட்கலாம் என்பது தெரியும்.

சட்டம் எங்கே நிற்கிறது

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு விற்பவருக்கு ஒரு கடமையை வைத்திருக்கிறது. சொத்திலோ அதன் உரிமையிலோ முக்கியமான குறை இருந்து, அது தமக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் அவரால் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், விற்பவர் அதை வெளிப்படுத்தியாக வேண்டும். தரகர் என்ற சொல்லே அங்கே இல்லை. நம் ஆட்கள் அதை வைத்துத்தான் காலை நீட்டிக்கொள்கிறார்கள்.

அடுத்த சட்டத்தில் நீட்ட முடியாது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது ரெரா, தரகர், இடைத்தரகர், புரோக்கர் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் 'முகவர்' என்ற ஒரே வலையில் போட்டுவிட்டது. திட்டமிடும் பகுதியில் மேம்பாட்டாளர் விற்கும் மனையையோ ஃபிளாட்டையோ விற்றுக்கொடுக்க 9ஆம் பிரிவின்படி முகவர் பதிவு வேண்டும். 10ஆம் பிரிவு வேலையைச் சொல்கிறது: பதிவு பெறாத திட்டத்தை விற்கக்கூடாது, கணக்கும் ஆவணமும் வைத்திருக்க வேண்டும், தரத்தைப் பற்றியோ வசதியைப் பற்றியோ பொய் சொல்லக்கூடாது, வாங்குபவருக்கு உரிய தகவலும் ஆவணமும் முன்பதிவு நேரத்திலேயே அவர் கைக்குப் போக உதவ வேண்டும். மீறினால் 62ஆம் பிரிவின்படி நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். விற்றுக்கொடுத்த சொத்தின் விலையில் 5 சதவீதம் வரை அது ஏறும். நம் கமிஷன் எவ்வளவு என்று பக்கத்தில் எழுதிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தனியார் ஒருவர் தம் பழைய வீட்டை இன்னொருவருக்கு விற்கும்போது ரெராவின் இந்தப் பிரிவுகள் நேராக வந்து நிற்பதில்லை. ஆனால் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் எங்கும் போய்விடவில்லை. அதன் 212ஆம் பிரிவு, முகவர் தம்மை அமர்த்தியவருக்காகத் தொழிலுக்குரிய திறமையோடும் கவனத்தோடும் வேலை செய்ய வேண்டும் என்கிறது. இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கிக்கொண்டு, "நான் விற்பவரின் ஆள் மட்டும்தான்" என்று சொல்ல எந்த முகத்தோடு போவது?

இந்தக் கடமையை நேராகத் தரகர் தலையில் ஏற்றிய பேர்போன தீர்ப்பு கலிபோர்னியாவில் வந்தது. ஈஸ்டன் எதிர் ஸ்ட்ராஸ்பர்கர் வழக்கு, 1984. டயாப்லோ என்ற ஊரில் 1976இல் 1,70,000 டாலருக்கு வாங்கிய வீடு. சரியாக இறுக்காமல் கொட்டிய மண்ணின்மேல் கட்டியது. வாங்கிய கொஞ்ச காலத்திலேயே நிலம் சரிந்தது. விற்றுக்கொடுத்த தரகர்களின் கண்ணில் மண் சரிவைத் தடுக்கக் கட்டியிருந்த வலையும் சமமில்லாத தரையும் பட்டிருந்தன. மண்ணைச் சோதிக்கச் சொல்லவில்லை, வாங்கியவரிடம் பேச்சே எடுக்கவில்லை. தெரிந்ததைச் சொன்னால் மட்டும் போதாது, திறமையாகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடியதையும் சொல்ல வேண்டும் என்றது நீதிமன்றம். பிறகு அந்த மாநிலம் இதைச் சட்டமாகவே எழுதியது. கண்ணுக்கு எட்டுகிற இடங்களைத் தரகர் கவனமாகப் பார்க்க வேண்டும், எட்டாத இடங்களும் பொது ஆவணங்களும் அவர் பொறுப்பில் வராது என்று எல்லையும் போட்டது.

நம் ஊரில் அப்படி நேரான சட்டம் இல்லை. இருந்தாலும் நான் அந்த அளவுகோலைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன், ஒரே ஒரு திருத்தத்தோடு. ஆவணம் நம் பொறுப்பு இல்லை என்பது இங்கே செல்லாது. இங்கே சுவரில் இருக்கும் விரிசலைவிடக் காகிதத்தில் இருக்கும் விரிசல்தான் அதிகம்.

முதல் படி: விற்பவரோடு உட்காருங்கள்

சாவியை வாங்கும் முன் ஒரு மணி நேரம். டீக்கடையில் நின்றுகொண்டு இல்லை, அவர் வீட்டில், பத்திரங்களை விரித்துவைத்துக்கொண்டு. சொத்து யார் பெயரில்? அவருக்கு எப்படி வந்தது: கிரயமா, பாகப்பிரிவினையா, தானமா, உயிலா? உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர், விற்பது அவர்களுக்குத் தெரியுமா? அடமானம் உண்டா? குடியிருப்பவர் யார், எப்போது காலி செய்வார்? வழக்கு உண்டா? ஏற்கெனவே யாரிடமாவது அட்வான்ஸ் வாங்கியிருக்கிறாரா? இதற்கெல்லாம் பதிலை எழுதி, கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்து என்றதும் பாதிப் பேருக்கு ஞாபகசக்தி திரும்பிவிடும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுத் திருத்தமே இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மணமாகாத மகள்களுக்குப் பங்கு கொடுத்தது. 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் விரித்தது. 2020இல் உச்ச நீதிமன்றம், அந்தத் திருத்தம் வந்த நாளில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதுகூட அவசியமில்லை என்று தெளிவாக்கியது. "தங்கைக்குச் சீர் செய்து அனுப்பிவிட்டோம், அவளுக்கு என்ன பங்கு?" என்று கேட்கும் அண்ணனைப் பார்த்தால் அங்கேயே பேனாவை மூடிவைத்துவிடுங்கள். தங்கையும் கையெழுத்துப் போட வருகிறாரா என்பதுதான் அடுத்த கேள்வி. பங்கில் மைனர் பிள்ளை இருந்தால், நீதிமன்ற அனுமதி இல்லாமல் காப்பாளர் விற்றதை அந்தப் பிள்ளை பெரியவனானதும் எதிர்த்து நிற்கலாம்.

விற்பது பவர், அதாவது உரிமையாளர் சார்பில் விற்க எழுதிக்கொடுத்த அதிகாரம், வாங்கியவர் என்றால் கூடுதல் கவனம். பவர் கொடுத்தவர் இறந்தால் பொதுவாக அந்த அதிகாரமும் அவரோடு போய்விடும். அவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்குச் சான்று வேண்டும். முடிந்தால் நேரில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். வெறும் பவர் பத்திரத்தையும் ஒப்பந்தத்தையும் வைத்து உரிமை கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011லேயே சொல்லிவிட்டது.

இரண்டாம் படி: காகிதங்களை அடுக்குங்கள்

நாம் வழக்கறிஞர் இல்லை. சட்டக் கருத்து எழுதுவது அவர் வேலை. ஆனால் எந்தக் காகிதம் இல்லை, எது எதோடு ஒட்டவில்லை என்பதை அவரிடம் போகும் முன்பே நம்மால் பார்க்க முடியும். தாய்ப்பத்திரத்திலிருந்து, அதாவது பழைய மூலப் பத்திரத்திலிருந்து, இன்றைய பத்திரம் வரை சங்கிலி அறுபடாமல் வருகிறதா என்று தேதி வாரியாக ஒரு தாளில் எழுதுங்கள். குறைந்தது முப்பது ஆண்டு. நடுவில் ஒருவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் அந்த இடத்தில் இருக்க வேண்டும்.

வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே எடுங்கள். விற்பவர் கொடுக்கும் நகலை நம்பாதீர்கள். இன்றைய சர்வே எண்ணில் மட்டும் தேடினால் போதாது. உட்பிரிவு ஆகும் முன் இருந்த பழைய எண்ணிலும் தேட வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தின் எல்லை மாறியிருந்தால் பழைய அலுவலகத்திலும் தேட வேண்டும். இதையெல்லாம் செய்தும் வில்லங்கம் 'இல்லை' என்று வந்தால், பதிவான வில்லங்கம் இல்லை என்று மட்டுமே பொருள். பதிவு செய்யாத ஒப்பந்தம், பெட்டிக்குள் இருக்கும் உயில், வாய்மொழிப் பாகம், நிலுவையில் உள்ள வழக்கு, குடியிருப்பவரின் உரிமை இவை அதில் வராமல் போகலாம். வாங்குபவரிடம் "வில்லங்கம் க்ளியர்" என்ற இரண்டு சொல்லை மட்டும் சொல்லி நிறுத்துவது பாதி உண்மை.

"பேங்க் லோன் கொடுத்த சொத்துதானே, அப்புறம் என்ன?" என்பது இன்னொரு பாதி உண்மை. வங்கி தன் கடனுக்காகப் பார்த்தது. பார்த்த தேதிக்குப் பிறகு நடந்தது அதற்குத் தெரியாது.

அளவு விஷயத்தில் கொஞ்சம் உட்காருங்கள். பத்திரம் சென்ட்டில் பேசும், பட்டா ஹெக்டேரில் பேசும், வாங்குபவர் சதுர அடியில் நினைப்பார். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு கிரவுண்டு 2,400. பட்டாவில் 0.02.00 என்றிருந்தால் அது 2 ஏர், 200 சதுர மீட்டர், ஏறக்குறைய 2,153 சதுர அடி. பத்திரத்தில் 5 சென்ட் என்றால் 2,178. வித்தியாசம் 25 சதுர அடி. இது கணக்கின் ஓரம், சண்டைக்கு உரியதில்லை. அதே பத்திரத்துக்குப் பட்டாவில் 0.01.50 என்றிருந்தால் 1,614 சதுர அடிதான். 560 சதுர அடிக்கு மேல் காணோம். பக்கத்து மனையில் போயிருக்கலாம், ரோட்டில் போயிருக்கலாம், ஆரம்பத்திலிருந்தே இல்லாமலும் இருக்கலாம். காரணம் தெரியும் வரை விலை பேச்சு எடுக்காதீர்கள். பட்டா வருவாய்த் துறையின் பதிவு, அதுவே உரிமைப் பத்திரம் ஆகிவிடாது என்பதையும் வாங்குபவருக்குச் சொல்லுங்கள். பலர் பட்டா கையில் இருந்தால் எல்லாம் இருக்கிறது என்று நினைக்கிறார்கள். கூட்டுப் பட்டாவாக இருந்தால் மற்ற பெயர்கள் யார் என்று கேளுங்கள்.

'அ' பதிவேட்டையும் (கிராம நிலங்களின் வருவாய்க் கணக்கு) புலப்படத்தையும் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) எடுத்துப் பாருங்கள். நிலத்தின் வகை அங்கேதான் பேசும். ஏரி, ஓடை, வாய்க்கால், மேய்ச்சல் புறம்போக்கு, கோயில் நிலம், வக்ஃப், பூதான இயக்கத்துக்குத் தானமாக வந்த நிலம், பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலம், நில உச்சவரம்பில் அரசு எடுத்த நிலம் இவற்றில் ஏதாவது ஒன்றின் வாடை அடித்தாலும் வழக்கறிஞரின் எழுத்துக் கருத்து இல்லாமல் ஓர் அடி முன்னே வைக்க வேண்டாம்.

மனை என்றால் லே அவுட் அனுமதி. சென்னைப் பெருநகர் எல்லைக்குள் சி.எம்.டி.ஏ. (பெருநகர் வளர்ச்சிக் குழுமம்), வெளியே டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்). "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று மட்டும் சொன்னால் நின்று கேளுங்கள். 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முன் விற்ற அனுமதியற்ற மனைகளை வரன்முறைப்படுத்த அரசு 2017இல் விதி கொண்டுவந்தது. அந்த மனை வரன்முறை ஆகிவிட்டதா, ஆணை எங்கே, கட்டணம் கட்டிய ரசீது எங்கே? அனுமதி பெற்ற வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு மனை எண்ணைத் தேடுங்கள். வரைபடத்தில் பூங்கா என்று போட்டிருக்கும் மூலையை மனையாக விற்க வந்தவரை நான் பார்த்திருக்கிறேன். கார்னர் பிளாட், காற்று நன்றாக வரும் என்றார். வரும்தான்.

மூன்றாம் படி: நிலத்துக்குப் போங்கள், தனியாக

வாங்குபவரோடு போகும்போது நாம் விற்கிறவராக இருக்கிறோம். அதற்கு முன் ஒரு முறை யாரும் இல்லாமல் போய்வர வேண்டும். முடிந்தால் மழை பெய்த மறுநாள். மழை இல்லாத மாதம் என்றால் தெருவைப் படியுங்கள். ரோட்டை மேலே மேலே போட்டு வீட்டு வாசல் தாழ்ந்திருக்கிறதா? பக்கத்து வீடுகளின் சுற்றுச்சுவரில் ஒரே உயரத்தில் பழுப்புக் கோடு ஓடுகிறதா? மின் மீட்டர் பெட்டியை யாராவது ஆள் உயரத்துக்கு மேல் தூக்கி மாட்டியிருக்கிறார்களா? தண்ணீர் வந்த தெருவில் ஒரு வீட்டிலாவது அதைச் செய்திருப்பார்கள். மோட்டார் சுவிட்ச் மாடிப்படியில் பாதி உயரத்தில் இருந்தால் அதுவும் ஒரு வாக்குமூலம்தான்.

ஊர்ப் பெயரையும் கேளுங்கள். தாங்கல், ஏந்தல் என்றால் நீர் தேங்கிய இடம். நம் முன்னோர்கள் வெள்ள வரைபடத்தைப் பெயரிலேயே எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சென்னையின் தியாகராய நகரே பழைய நெடிய ஏரி ஒன்றின் பகுதியைத் தூர்த்து 1920களில் உருவானதுதான். அதனால் அங்கே வீடு வாங்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. வாங்குகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

எல்லைக் கல்லைத் தேடுங்கள். நான்கு மூலையிலும் இருக்கிறதா, பிடுங்கி நட்ட மண் புதிதாக இருக்கிறதா? நீளத்தையும் அகலத்தையும் டேப் போட்டு நீங்களே ஒரு முறை அளந்துவிடுங்கள். பத்திரத்தின் செக்குபந்தியில், அதாவது நான்கு எல்லை விவரத்தில், 'கிழக்கே இருபதடி ரோடு' என்றிருந்தால், நிற்கும் இடத்தில் உண்மையில் இருபதடி இருக்கிறதா, அது பொதுப் பாதையா, பக்கத்து நிலக்காரர் பெருந்தன்மையில் விட்டிருக்கும் வண்டித்தடமா என்று பாருங்கள். பாதை இல்லாத மனை கடலுக்கு நடுவில் இருக்கும் தீவு. சந்தேகம் இருந்தால் சர்வேயரை வைத்து அளக்கச் சொல்லி வாங்குபவருக்கு எழுதிக்கொடுங்கள்.

பிறகு மளிகைக் கடை. "இங்கே வீடு பார்க்கிறோம், தண்ணீர் எப்படி அண்ணாச்சி?" என்ற ஒரு கேள்வி போதும். கோடையில் லாரித் தண்ணீர் எந்த மாதத்தில் தொடங்குகிறது, கழிவுநீர் எங்கே போகிறது, எந்த வீட்டில் பங்காளிச் சண்டை என்பது வரை வரும். கேட்டதை எல்லாம் உண்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எதைச் சரிபார்க்க வேண்டும் என்பதற்கு அது பட்டியல்.

நான்காம் படி: வீட்டை மேலிருந்து பாருங்கள்

பெரும்பாலோர் கூடத்தில் நின்று தொடங்குகிறார்கள். நான் மொட்டை மாடியிலிருந்து இறங்கி வருவேன். தளத்தில் தண்ணீர் தேங்கிய வட்டம், பிளந்த ஓடு, தண்ணீர்த் தொட்டியின் அடி. மேலே எந்த இடத்தில் பச்சைப் பாசி இருந்ததோ, அதற்கு நேர் கீழே உள்ள அறையின் கூரையைப் பார்த்தால் ஓதம் எங்கே என்று தேட வேண்டியதில்லை.

கூரையில் பழுப்பு நிறத்தில் நேர்கோடாக ஓடினால் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது என்று சந்தேகப்படுங்கள். சாவிக்கொத்தால் மெதுவாகத் தட்டினால் நல்ல கான்கிரீட் 'டங்' என்னும், பூச்சு விட்ட இடம் 'பொத்' என்னும். பூச்சில் மயிரிழையாகப் பின்னிக்கிடக்கும் விரிசல் பல வீடுகளில் உண்டு. ஜன்னல், கதவு மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல், சுவரும் பீமும் பிரிந்து நிற்பது, தரை ஒரு பக்கம் இறங்கியிருப்பது இவை வேறு ஜாதி. ஏன் என்று நாம் சொல்லக்கூடாது. கட்டடப் பொறியாளர் பார்க்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். கோலிக்குண்டு ஒன்றைத் தரையில் வைத்துப் பார்ப்பது என் பழக்கம். சிரிப்பார்கள். உருண்டால் சிரிப்பு நின்றுவிடும்.

ஒரே ஒரு சுவரில் மட்டும் புதுப் பெயின்ட். ஒரே ஓர் அறையில் மட்டும் அலமாரி சுவரோடு ஒட்டி. மின்விசிறி முழு வேகத்தில் சுழலும் ஒரு காலி அறை. இவை மூன்றும் எனக்குக் கேள்விகள். குழாய்களை எல்லாம் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, ஐந்து நிமிடம் பொறுத்து, குளியலறைத் தண்ணீர் எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பாருங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் கொப்பளித்துத் துப்பினால் உப்பு தெரிந்துவிடும்.

அனுமதி வரைபடத்தையும் கட்டடத்தையும் சேர்த்துவைத்துப் பாருங்கள். தரைத்தளமும் முதல் மாடியும் என்று அனுமதி வாங்கி, மேலே இரண்டு அறை கூடுதலாகப் போட்டிருப்பார்கள். பக்கவாட்டில் விட வேண்டிய இடத்தில் சமையலறையை நீட்டியிருப்பார்கள். "எல்லோரும் செய்வதுதானே" என்பது விற்பவரின் பதில். எல்லோரும் செய்வதை வாங்குபவரிடம் சொல்லிவிட்டு விற்பதில் என்ன சங்கடம்?

ஃபிளாட் என்றால் அடிநிலத்தில் அதற்குரிய பிரிபடாத பங்கு எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் பாருங்கள். நிலத்தின் மொத்த அளவோடு எல்லாப் பங்குகளையும் கூட்டினால் சரியாக வர வேண்டும். கட்டடப் பணி நிறைவுச் சான்று தேவைப்படும் கட்டடமா, இருந்தால் எங்கே? சங்கத்துக்குப் பராமரிப்பு நிலுவை எவ்வளவு? கார் நிறுத்துமிடம் பத்திரத்தில் இருக்கிறதா, வாய்ப்பேச்சில் மட்டும் இருக்கிறதா?

புதுத் திட்டம் என்றால் ரெரா பதிவு எண்ணை இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு உட்பட்ட நிலம் அல்லது எட்டுக்கு மேற்படாத வீடுகள் என்றால் பதிவு தேவையில்லை என்பது விலக்கு. 10 சதவீதத்துக்கு மேல் பணம் வாங்கும் முன் விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும் என்பது 13ஆம் பிரிவு. அதை வாங்குபவருக்கு நாமே எடுத்துச் சொல்ல வேண்டும். "மெட்ரோ வரப்போகிறது, ஐ.டி. பார்க் வரப்போகிறது" என்பதை அரசாணை கையில் இல்லாமல் வாயில் எடுக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: சொல்லுங்கள், எழுத்தில், அட்வான்ஸுக்கு முன்

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். ஆவணத்தையும் வீட்டையும் கவனமாகப் பார்த்துவிட்டு, சொல்லும்போது "சின்னச் சின்ன வேலை இருக்கிறது சார்" என்று மென்று முழுங்குவார்கள். நான் ஒரு தாளில் மூன்று தலைப்புப் போடுகிறேன்: நான் பார்த்தது, மற்றவர் சொன்னது, நான் சரிபார்க்காதது. மூன்றாவதுதான் மிக முக்கியம். தெரியாததைத் தெரியாது என்று எழுதிக்கொடுத்த தாள், நாளைக்கு வாங்குபவருக்கும் நமக்கும் சேர்த்துக் குடை பிடிக்கும்.

எப்படி எழுதுவது என்பதற்கு ஒரு மாதிரி:

'ஜூன் 15, காலை 10.30, வெயில். தெற்குப் படுக்கையறை. ஜன்னலின் மேல் மூலையிலிருந்து கூரை நோக்கிச் சாய்வாக இரண்டடி நீள விரிசல். ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பு உள்ளே நுழைகிறது. படம் இணைப்பில். காரணம் எனக்குத் தெரியாது, பொறியாளரிடம் காட்ட வேண்டும். நான்கு ஆண்டாக அப்படியே இருக்கிறது என்று விற்பவர் சொன்னார். அதற்கு ஆதாரம் எதையும் நான் பார்க்கவில்லை.'

'லேசான', 'சாதாரண', 'பயப்பட ஒன்றுமில்லை' என்ற சொற்கள் அதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவற்றைச் சொல்லும் தகுதி நமக்கு இல்லை. நீளம், இடம், தேதி, படம் போதும். வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், நேரிலும் கொடுத்துப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். டோக்கன் அட்வான்ஸ் கைமாறிய பிறகு கொடுத்தால் அதற்குப் பெயர் தகவல் இல்லை, சமாதானம்.

நாம் யாரிடம் எவ்வளவு கமிஷன் வாங்குகிறோம் என்பதும், அந்தச் சொத்தில் நமக்கோ நம் உறவினருக்கோ பங்கு இருந்தால் அதுவும் அதே தாளில் வர வேண்டும்.

விற்பவர் முரண்டு பிடிப்பார். பெருங்களத்தூரில் ஓர் அம்மையார் என்னிடம், "அதையெல்லாம் எதற்குத் தம்பி எழுதுகிறீர்கள்? வந்து பார்க்கிறவர்களுக்குக் கண் இல்லையா?" என்று கேட்டார்.

"கண் இருக்கிறதம்மா. அதற்கு மேல் நீங்கள் அடித்த பெயின்ட்டும் இருக்கிறதே" என்றேன்.

கோபத்தில் உள்ளே போனவர், மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். பின்பக்கக் குளியலறைக் கசிவைச் சரிசெய்ய ஆன செலவை விலையில் கழித்துக்கொண்டு, இரண்டு மாதத்தில் விற்றது வீடு. எப்போதும் இப்படி முடியாது. சிலர் வேறு தரகரிடம் போய்விடுவார்கள். போகட்டும். அந்தச் சொத்தை விற்ற கமிஷனைவிட, அதன் பின்னால் வரும் வழக்கறிஞர் நோட்டீஸுக்குச் செலவு அதிகம்.

எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமா என்றால், இல்லை. அக்கம்பக்கத்தார் என்ன ஜாதி, என்ன மதம் என்று கேட்பவருக்கு நான் பதில் சொல்வதில்லை. சொத்தின் குறையில் அது சேராது. வீட்டில் யாராவது தற்கொலை செய்துகொண்டார்களா என்பது கடினமான கேள்வி. கலிபோர்னியாவில் மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய மரணத்தைத் தானாகச் சொல்ல வேண்டியதில்லை, கேட்டால் பொய் சொல்லக்கூடாது என்று வரையறுத்திருக்கிறார்கள். இங்கே வரையறை இல்லை. வாங்குபவர் கேட்டால் தெரிந்ததை மறைக்காமல் சொல்கிறேன். கேட்காவிட்டாலும், தெருவே அறிந்த விஷயம் என்றால் சொல்லிவிடுகிறேன். பால்காரர் வாயிலிருந்து முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட என் வாயிலிருந்து தெரிந்துகொள்ளட்டும்.

ஆறாம் படி: ஒப்பந்தத்துக்கும் கிரயத்துக்கும் நடுவே

தாளைக் கொடுத்ததோடு வேலை முடிவதில்லை. ஒப்பந்தம் போட்டு மூன்று மாதத்தில் நிறைய நடக்கும். நடுவில் புதிதாக ஒரு கசிவு கண்ணில் பட்டால், சர்வேயர் அளந்ததில் ஓர் அடி குறைந்தால், பங்காளி ஒருவர் ஆட்சேபணை மனு கொடுத்ததாகக் காதில் விழுந்தால், அன்றைக்கே வாங்குபவருக்குப் போக வேண்டும். கிரயத்துக்கு முந்தின நாள் வில்லங்கத்தை மறுபடி ஒரு முறை போட்டுப் பாருங்கள். பதிவு நாளன்று காலையில் வாங்குபவரைக் கூட்டிக்கொண்டு வீட்டை மறுபடி சுற்றி வாருங்கள். குடியிருந்தவர் காலி செய்துவிட்டாரா, மோட்டார் இருந்த இடத்தில் மோட்டார் இருக்கிறதா, அலமாரியை நகர்த்திய சுவரில் என்ன இருக்கிறது? அலமாரிக்குப் பின்னால் நான் கண்டவற்றை வைத்துத் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.

கிரயம் முடிந்ததும் அந்த மூன்று தலைப்புத் தாள், படங்கள், விற்பவரின் கையெழுத்து, வாட்ஸ்அப் உரையாடலின் நகல் எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டு, சர்வே எண்ணை மேலே எழுதிவைத்துவிடுங்கள். ரெரா திட்டமாக இருந்தால் ஆவணம் வைத்திருப்பது சட்டக் கடமை. தனிவீடாக இருந்தாலும் வைத்திருங்கள்.

தாம்பரத்து வீட்டுக்காரருக்கு என் கமிஷனைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்க மறுத்தார், மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். இரண்டு ஆண்டு கழித்து அவருடைய மைத்துனர் மனை பார்க்க வேண்டும் என்று என்னிடம் வந்தார். கார்த்திகை மாதம், விடாமல் தூறல். கணுக்கால் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இருவரும் அந்த லே அவுட்டின் கடைசி மனை வரைக்கும் நடந்தோம். அவர் அதை வாங்கவில்லை.